சொன்னதைச் செய்யும் ஏவலன்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் மாலை வேளைகளில் உலாவச் செல்வோர், துறைமுகத்தினுள் நுழையும் கப்பல்களில் சிறு சிறு வண்ணக் கொடிகள் பறப்பதைக் கண்டிருப்பர். மஞ்சளும் நீலமும் மாறிமாறி நெடுங்கோடுகளாய் அமைந்த கொடி ஒன்று உண்டு. "எனக்குப் பைலட் தேவை" என்பது அதன் பொருள். வழிகாட்டும் அந்தப் பைலட் கப்பலில் ஏறியதும், பாதி வெள்ளையும் பாதி சிவப்புமான வேறொரு கொடி ஏற்றப்படும். "பைலட் கப்பலில் இருக்கிறார்" என்பது அதன் செய்தி. இவை உலகத்துக் கப்பல்கள் அனைத்துக்கும் பொதுவான சைகைகள். ஒவ்வொரு கொடிக்கும் வரையறுத்த பொருள் உண்டு. அதில் உபசார வார்த்தையும் இல்லை. ஐயத்திற்கு இடமும் இல்லை. ஆனால் கொடி மாறினால் பொருளும் மாறிவிடும்; பிழையாக ஏற்றியவன் உள்ளத்தில் என்ன நினைத்தான் என்று எவரும் ஆராய்வதில்லை.

கணினியுடன் பேசுவதற்கும் இத்தகைய மொழி ஒன்று உண்டு. அதனைக் கட்டளை வரி என்பர். படங்களைத் தொட்டும் சுட்டியை அழுத்தியும் பழகிய இக்காலப் பிள்ளைகளுக்கு, கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டெழுதி ஏவுவது பழங்காலத்து முறையாகத் தோன்றலாம். எனினும் உலகின் பெருங் கணினிகள் இன்றும் பெரும்பாலும் இம்மொழியாலேயே ஆளப்படுகின்றன. இந்த வாரம் அம்மொழியில் இயங்கும் கருவியொன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அது விளையாட்டோடு தொடர்புடையது. அதனால் பெற்றோர் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. முழுவதையும் படித்த பின்னர்த் தீர்ப்புக் கூறுவார்களாக.

களமும் நடுவரும்

பல பிள்ளைகள் தத்தம் வீடுகளில் இருந்துகொண்டே ஒரே விளையாட்டை ஒன்றாக ஆடுவதை நாம் காண்கிறோம். ஒருவன் உவர்மலையில் இருக்கிறான். மற்றவன் உப்புவெளியில் இருக்கிறான். இருவர் திரையிலும் ஒரே களம் தெரிகிறது. இவன் முந்தினானா, அவன் முந்தினானா என்பதை முடிவு செய்பவர் யார்? அதற்கென ஒரு கணினி தனியே நிற்க வேண்டும். ஆடுபவர் ஒவ்வொருவரின் அசைவையும் பெற்று, ஒப்பிட்டு, முடிவை எல்லோருக்கும் அறிவிப்பது அதன் கடமை. இதனையே சேவையகம் என்கிறோம். விளையாட்டு மைதானமும் நடுவரும் ஒருங்கே அமைந்த ஒரு பொருள் என்று அதனைக் கருதலாம்.

அந்நடுவர் எங்கே நிற்கிறார் என்பது முக்கியமானது. கண்ணாடி இழையில் ஒளி செல்லும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,600 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஆகவே அங்குள்ள சேவையகத்திற்கு ஒரு செய்தி சென்று மறுமொழி திரும்ப, ஒளியின் வேகத்தில் மட்டும் கணக்கிட்டாலும் ஒரு விநாடியை ஆயிரமாகப் பங்கிட்டதில் 26 பங்கு நேரம் வேண்டும். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் செல்வதில்லை; இடையிடையே நிலையங்களும் பல உள. ஆதலின் உண்மையில் ஆகும் நேரம் இதனினும் மிகுதி. அச்சேவையகமே நம் வீட்டு மூலையில் இருக்குமாயின், மறுமொழி இமைப்பொழுதிலும் மிகச் சிறிய பொழுதில் கிடைத்துவிடும். பிள்ளைகள் தமக்கெனச் சொந்தச் சேவையகம் அமைக்க விழைவதன் காரணம் இதுவே.

படமில்லாத கருவி

அமெரிக்காவில் வாசிங்டன் மாநிலத்தில் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வால்வ் என்னும் நிறுவனம், 1998இல் ஹாஃப் லைஃப் என்னும் விளையாட்டை வெளியிட்டுப் புகழ்பெற்றது. விளையாட்டுகளை இணையத்தின் வழியே விநியோகிப்பதற்காக அந்நிறுவனம் 2003ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ஸ்டீம் என்னும் ஏற்பாட்டை உலகுக்கு அளித்தது. ஆடுவோர் அறிந்த ஸ்டீம், படங்களும் பொத்தான்களும் நிறைந்த ஒரு கடை போன்றது. சேவையகம் நடத்துவோருக்கு அந்த அலங்காரம் எதற்கு? சேவையகக் கணினிகள் பலவற்றுக்குத் திரைகூட இருப்பதில்லை. எங்கோ ஓர் அறையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பன அவை. எனவே அவர்களுக்கென அதே ஸ்டீமின் படமில்லாத வடிவம் ஒன்று வழங்கப்படுகிறது. அதன் பெயர் ஸ்டீம் சீ.எம்.டி. விண்டோஸ், லினக்ஸ், மக் ஆகிய மூவகை இயங்குதளங்களிலும் அது வேலை செய்யும். அதற்கு விலை இல்லை.

அதனிடம் சொல்ல வேண்டிய சொற்கள் மிகச் சில. அவை ஆங்கில எழுத்துகளில் தட்டப்பட வேண்டியவை. சில கட்டளைகளில் சொற்கள் சேருமிடத்தில் வெற்றிடம் விடாது அடிக்கோடு இடவேண்டும். முதலாவது, "ஃபோர்ஸ் இன்ஸ்டோல் டிர்" என்பது. சேவையகத்தின் கோப்புகளை எந்த அடைவில் வைக்க வேண்டும் என்பதை இது குறிக்கும். இதனை உள்நுழைவுக்கு முன்னரே சொல்லிவிடுவது முறை. அடுத்தது "லொகின் அனோனிமஸ்" என்பது. பெயர் கூறாமலே உள்ளே செல்லும் அனுமதி இது. பல விளையாட்டுகளின் சேவையகத்தைப் பெற இதுவே போதும். சிலவற்றுக்கு மட்டும் அவ்விளையாட்டை விலைகொடுத்து வாங்கிய கணக்கு வேண்டும். அங்கே குறுக்கு வழி தேடுவது நேர்மையன்று.

மூன்றாவது "அப் அப்டேட்" என்பது. இதன் பின்னே ஓர் எண்ணையும் இடவேண்டும். ஒவ்வொரு சேவையகத்துக்கும் ஓர் எண் உண்டு. டீம் ஃபோர்ட்ரெஸ் 2 என்னும் விளையாட்டின் சேவையகத்துக்கு 232250. லெஃப்ட் ஃபோர் டெட் 2 என்பதற்கு 222860. கரிஸ் மொட் என்பதற்கு 4020. புதிதாக நிறுவுவதற்கும், முன்பு நிறுவியதை இற்றைப்படுத்துவதற்கும் கட்டளை ஒன்றே. இல்லாததைக் கொண்டுவரும், பழையதைப் புதுப்பிக்கும். இறுதியில் "குவிட்" என்றால் விடைபெற்றுக்கொள்ளும். இவ்வரிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் தட்டாமல் அக்கோப்பையே வாசித்து நிறைவேற்றும்படி ஏவவும் இயலும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் இதனை நடத்துவோர் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். 64 பிட் கணினியாயினும் 32 பிட் நூலகக் கோப்புகள் சில முன்கூட்டியே இருத்தல் வேண்டும். இல்லையேல் கருவி தொடங்காது. மற்றொன்று, கணினி முழுவதையும் ஆளும் தலைமைப் பயனரின் பெயரில் இதனை ஒருபோதும் இயக்கலாகாது. தனியே ஒரு சாதாரணப் பயனரை உண்டாக்கி, அவர் பெயரிலேயே நடத்த வேண்டும். வீட்டுக்கு வரும் வேலையாளிடம் அவன் வேலை செய்யும் அறையின் திறப்பைக் கொடுப்போமேயன்றி, அலுமாரித் திறப்பையும் சேர்த்துக் கொடுக்கமாட்டோம் அன்றோ?

சரக்குப் பட்டியல்

இக்கருவி இற்றைப்படுத்தும் முறை துறைமுகத்தார் எளிதில் விளங்கிக்கொள்ளத் தக்கது. கப்பலில் வரும் சரக்குகளின் பட்டியலை மனிஃபெஸ்ட் என்று கூறுவர். ஸ்டீமும் அதே சொல்லையே வழங்குகிறது. ஒரு சேவையகத்தில் என்னென்ன கோப்புகள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் எத்தன்மையதாய் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் மனிஃபெஸ்டில் எழுதப்பட்டிருக்கும். பெரிய கோப்புகள் ஏறத்தாழ ஒரு மெகாபைட் அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. புதிய பதிப்பு வெளிவரும்போது பழைய பட்டியலும் புதிய பட்டியலும் ஒப்பிடப்பட்டு, மாறிய துண்டுகள் மட்டுமே இறக்கப்படுகின்றன. பத்துப் பெட்டிகள் மாறியதற்காகக் கப்பல் முழுவதையும் மீண்டும் ஏற்றி இறக்குவார் எவருமிலர். இணையத்துக்கு அளந்து பணம் செலுத்தும் நம் வீடுகளுக்கு இது பெரும் உதவி.

இக்கட்டளையோடு சேர்த்துச் சொல்லத்தக்க சொல் இன்னும் ஒன்று உண்டு. "வலிடேட்" என்பது அது. சரிபார் என்று பொருள். அதனைச் சொன்னால், கருவியானது வட்டிலுள்ள கோப்புகள் ஒவ்வொன்றையும் பட்டியலோடு ஒப்பிடும். பழுதுபட்டிருந்தால் நல்லதைக் கொண்டுவந்து வைக்கும். மிக நல்ல சொல்தான். ஆயினும் அதன் முழுப் பொருளையும் அறியாது சொன்னால் விளைவது யாது என்பதை ஓர் அனுபவத்தால் யான் கண்டேன்.

ஒரு மாலைப்பொழுது

என்னிடம் படித்த மாணவன் ஒருவன், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த ஓய்வில், வீட்டிலிருந்த பழைய கணினியில் லினக்ஸை நிறுவி, டீம் ஃபோர்ட்ரெஸ் 2 சேவையகம் ஒன்றை அமைத்திருந்தான். அயலிலுள்ள பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் தத்தம் கணினிகளோடு கூடிப் போட்டி நடத்துவதாக ஏற்பாடு. அவன் தந்தையாருக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. துறைமுகத்தில் பல்லாண்டு சரக்குக் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர் அவர். "போட்டி முடியட்டும், அடுத்த கிழமை இந்தப் பெட்டியை வித்துப்போட்டு மற்ற வேலையைப் பார்ப்பம்" என்று கூறிவிட்டார். மகன் ஒன்றும் மறுத்துரைக்கவில்லை.

போட்டிக்கு முதல் நாள் மாலை அவன் என் வீட்டுக்கு ஓடிவந்தான். முகம் வாடியிருந்தது.

"சேர், எல்லாம் போச்சுது" என்றான்.

நிகழ்ந்தது இதுதான். அன்று காலை விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது. நண்பர்களின் கணினிகள் தாமாகவே இற்றைப்பட்டன. சேவையகமோ பழைய பதிப்பில் நின்றது. பதிப்புகள் பொருந்தாமையால் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. பதற்றத்தில் அவன் யாரோ எழுதிவைத்த கட்டளை வரியை அப்படியே எடுத்து ஏவினான். அதில் "வலிடேட்" என்னும் சொல்லும் இருந்தது. கருவி தன் வேலையைக் குறைவறச் செய்து, வெற்றி, முழுமையாக நிறுவப்பட்டது என்று அறிவித்தது. நண்பர்களும் உள்ளே வந்தனர். ஆனால் அவன் பல இரவுகள் கண்விழித்து எழுதிய போட்டி விதிகள், அணிகளின் பெயர்கள், எந்தக் களத்தின் பின் எந்தக் களம் என்னும் ஒழுங்கு யாவும் மறைந்து, நிறுவனம் முதலில் அனுப்பிய வாசகங்களே மீண்டும் தோன்றின. தனிப் பிரதி எதுவும் அவன் எடுத்து வைக்கவில்லை.

யான் அவனுடன் சென்று பார்த்தேன். சேவையகத்தோடு வந்த வரவேற்புரைக் கோப்பையும், களவரிசைக் கோப்பையும் திறந்து, அவற்றினுள்ளேயே அவன் தன் மாற்றங்களை எழுதியிருந்தான். அக்கோப்புகள் மனிஃபெஸ்டில் பெயருள்ளவை. பட்டியலோடு பொருந்தவில்லை என்று கண்டதும் கருவி அவற்றைப் பழுதென்று கொண்டு, மூலக் கோப்புகளை வைத்துவிட்டது. மாற்றம் எது, பழுது எது என்று பகுத்தறிய அதற்கு வழியில்லை.

இதை யான் விளக்கிக்கொண்டிருக்கையில் தந்தையார் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மனிஃபெஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளே வந்தார்.

"மாஸ்டர், கணினிக்கும் மனிஃபெஸ்ட் இருக்கோ?" என்று கேட்டார்.

உண்டு என்று சொல்லி, முழுவதையும் விளக்கினேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு மகனைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, கப்பல்காரன்ரை பெட்டியைத் திறந்து அதுக்குள்ளை உன்ரை சாமானை வைச்சால், அவன் பெட்டியை மாத்தேக்கை உன்ரை சாமானும் போகும்தானே. உன்ரை சாமானை உன்ரை பெட்டியிலை வை. அதுக்கு நீயே ஒரு பட்டியல் எழுது."

யான் ஒரு மணி நேரம் பேசியும் உணர்த்தமுடியாததை அவர் மூன்று வாக்கியங்களில் உணர்த்திவிட்டார். உண்மையில் அந்த விளையாட்டை ஆக்கியோர் செய்துள்ள ஏற்பாடும் அதுவே. அவர்கள் அனுப்பும் வரவேற்புரைக் கோப்பின் பெயரிலும் களவரிசைக் கோப்பின் பெயரிலும் "டிஃபோல்ட்" என்ற சொல் சேர்ந்திருக்கும். அதனைப் பிரதிசெய்து, அச்சொல்லை நீக்கிய பெயரில் நமக்கென ஒரு கோப்பை வைத்துக்கொண்டால், சேவையகம் நம் கோப்பையே முதலிற் கொள்ளும். பட்டியலில் இல்லாத கோப்பை "வலிடேட்" தொடுவதில்லை. வேறு சேர்க்கைகளை இடுவதற்கென்று "கஸ்டம்" என்னும் தனி அடைவும் இருக்கிறது. அனைத்தும் எழுதப்பட்டே இருந்தன. மாணவன் வாசிக்கவில்லை, அவ்வளவே.

அன்றிரவு தந்தையும் மகனும் ஒரே மேசையில் அமர்ந்தனர். நினைவில் எஞ்சிய விதிகளை மகன் சொல்ல, தந்தை தம் பழக்கமான கணக்கு எழுத்தில் ஒரு கொப்பியில் வரிசையாய் எழுதினார். எந்தக் கோப்பு கப்பல்காரனுடையது, எது தம்முடையது என்று இரு பத்திகளாய் வகுத்தார். காலை 9 மணிக்குத் தொடங்கவிருந்த போட்டி பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கிற்று. முன்பிருந்த விதிகளில் பாதியே மீண்டன. அதனால் ஒரு குறையும் நேரவில்லை என்று இளைஞர்கள் கூறினர்.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும்

இந்நிகழ்ச்சியிலிருந்து மாணவர்கள் கொள்ளத்தக்க பாடங்கள் சில உள. பொருள் தெரியாத கட்டளையைப் பிறர் எழுதியதென்ற நம்பிக்கையால் மட்டும் ஏவாதீர்கள். ஏவுமுன் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று வாசித்தறியுங்கள். மாற்றம் செய்யுமுன் பிரதி எடுங்கள். அப்பிரதியை வேறொரு வட்டில் வையுங்கள். நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். வீட்டிற்குள்ளே ஆடுவதற்கு வெளியுலகுக்கு வாயில் திறக்க வேண்டியதில்லை. இவ்வகைச் சேவையகங்கள் வழக்கமாய்ப் பயன்படுத்தும் 27015 என்னும் துறை எண்ணை வீட்டு ரவுட்டரில் திறந்துவிட்டால் உலகிலுள்ள எவரும் தட்டிப்பார்க்கலாம். காவல் செய்யத் தெரிந்த பின்னரே கதவைத் திறத்தல் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மின்விளையாட்டு இன்று வெறும் பொழுதுபோக்காகக் கருதப்படுவதில்லை. இலங்கையில் 2019ஆம் ஆண்டு அது ஒரு விளையாட்டுத் துறையாக ஏற்கப்பட்டது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் அதற்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. எனினும் பிள்ளைகள் அனைவரும் பதக்கம் பெறப் போவதில்லை. நாள் முழுவதும் ஆடிக்கொண்டிருப்பது உடலுக்கும் கல்விக்கும் கேடு என்பதில் எனக்கு இருவேறு கருத்து இல்லை.

ஆயினும் ஆடுபவனுக்கும், ஆடுகளத்தை அமைத்துக் காப்பவனுக்கும் வேறுபாடு உண்டு. வைத்தியசாலையிலும் வங்கியிலும் துறைமுக அலுவலகத்திலும் உள்ள சேவையகங்களை ஆளுவோர் செய்வதும் இவ்வேலையே: நிறுவுதல், இற்றைப்படுத்தல், பிரதி எடுத்தல், அனுமதியை அளவறிந்து கொடுத்தல், செய்ததைக் குறித்து வைத்தல். அங்கே ஒரு கட்டளை பிழைத்தால் நோயாளியின் குறிப்போ, வைப்புக் கணக்கோ மறையக்கூடும். விளையாட்டுச் சேவையகத்திலோ ஒரு வரவேற்புரை மறைந்தது. ஒரு போட்டி ஐந்து மணி நேரம் தாமதித்தது. இத்துணைச் சிறு விலைக்கு இத்துணைப் பெரிய பாடம் வேறெங்கே கிடைக்கும்? உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் ஒரு பாடமாய் உள்ளது. கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. அவற்றுக்குப் புத்தகத்தோடு மட்டும் செல்லும் மாணவனைக் காட்டிலும், ஒரு சேவையகத்தைக் கெடுத்து மீண்டும் நிறுவிய மாணவன் ஒரு படி முன்னே நிற்பான்.

ஆகவே பிள்ளை கணினி முன் அமர்ந்திருக்கக் கண்டால், "விளையாடுகிறாயா?" என்று மட்டும் கேளாது, "அதை நடத்துபவர் யார்?" என்றும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். "நான்தான்" என்று மறுமொழி வருமாயின், பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமருங்கள். உங்கள் தொழிலில் நீங்கள் கற்ற ஒழுங்கு ஏதேனும் அவனுக்கு அங்கே தேவைப்படலாம்.

சென்ற கிழமை அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய கணினி விற்கப்படவில்லை. அதன் அருகே கொப்பி கிடந்தது. முதற் பக்கத்தில் தந்தையாரின் எழுத்தில் கப்பல்காரனுடையவை ஒரு புறமும், தம்முடையவை மறு புறமுமாக இருந்தன. அதன் கீழே, மகனின் எழுத்தில், அந்த வாரம் இற்றைப்படுத்திய திகதியும், அதற்கு முன் பிரதி எடுத்த நேரமும் குறிக்கப்பட்டிருந்தன.